படலையால் வராத குதிரைகள்

போன கிழமை எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தாள். நெடுந்தீவில் புதிதாக ஒரு விடுதி வரப்போகிறதாம். ஓலைக் கூரை, முருகைக்கல் சுவர், உள்ளே வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில். வாசலில் கதிரையைப் போட்டு இருந்தபடியே கட்டாக்காலிக் குதிரைகளைப் பார்க்கலாமாம். கீழே நீங்கள் எல்லோரும் சிரித்துத் தள்ளியிருந்தீர்கள். 'எங்கடை ஊரிலை சஃபாரியோ, கொள்ளுக்கு ஆர் பொறுப்பு?' என்று ஒருவன் கேட்டிருந்தான். நானும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு விலகியிருக்கலாம். ஆனால் இதற்கு மூத்த ஒரு விடுதி அதே தீவில் இருந்தது. அதில் நான் சனியும் ஞாயிறும் விருந்தாளியாக இருந்தவள். உங்களில் பலர் அப்போது இடம்பெயர்ந்த இடங்களில் இருந்தீர்கள். அதனால் தெரிந்திருக்காது.

எங்களுக்கு நாற்பது எட்டிப் பார்க்கிறது. மற்ற ஊர்களில் இதை ஒரு வயதென்று சொல்லமாட்டார்கள். எங்கள் வயதுச் சோட்டுக்குப் போருக்குள் ஆண்டுகள் இரண்டு இரண்டாக ஏறின, முழங்காலைக் கேட்டால் சொல்லும். நான் சொல்லும் கதை சமாதான காலத்தில் வந்த முதல் கோடையில் நடந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. குறிகட்டுவான் துறையில் சோதனை கொஞ்சம் தளர்ந்து, வெளிநாட்டுக்காரர் வள்ளத்தில் வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். மற்றவர்களின் மாமாமார் சொக்லேட்டும் சென்ட் போத்தலும் கொண்டுவந்தார்கள். எங்கள் மாமா ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பதினெட்டு வயதில் ஜெர்மனிக்குப் போனவர். அங்கே ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் இருபது வருடம் வேலை செய்து, பணக்காரருக்கு எதில் ஆசை என்று நன்றாகப் படித்து வைத்திருந்தார். "வெள்ளைக்காரன் வசதியா இருந்து அலுத்துப்போனான், அக்கா. அவனுக்கு இப்ப குடிசை வேணும். ஆனால் குடிசைக்குள்ளை சுடுதண்ணி வரவேணும்" என்பார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

எங்கள் வீடு இருந்தது அம்மாவின் சீதன வளவில். அதற்கு அடுத்த வளவு மாமாவின் பங்கு. அதன் பின்பக்கம் கல்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வெட்டைவெளி. வளவுக்குள் ஒரு துரவு இருந்தது. கட்டில்லாத, ஆழமில்லாத கிணறு அது. சரிவால் இறங்கிப்போய் வாய் வைத்தே தண்ணீர் குடிக்கலாம். சோளகக் காற்று வீசி வெளியில் உள்ள குட்டைகள் வற்றினால், பொழுதுபடுகிற நேரம் குதிரைகள் அந்தத் துரவுக்கு வரும். மாமா வந்திறங்கிய கிழமையே அதைக் கண்டார். அன்றைக்கே அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பா சொன்னார்.

இரண்டு மாதத்தில் துரவைப் பார்த்தபடி மூன்று குடிசைகள் எழும்பின. நாங்கள் எப்போது விட்டுத் தொலைப்போம் என்று காத்திருந்த சாமான்களெல்லாம் அங்கே ஆடம்பரமாகப் போய் இருந்தன. ஜெனரேற்றர் வாங்கிப் பூட்டிவிட்டு, அதற்குப் பக்கத்தில் அரிக்கன் லாம்புகளைக் கொழுவினார் மாமா. நிலத்துக்குச் சிமெந்து போட்டு, அதற்கு மேல் சாணி மெழுகச் சொன்னார். அம்மா இரண்டு நாள் முழங்காலில் நின்று மெழுகிவிட்டு, "சிமெந்துக்குச் சாணி பூசின முதல் ஆள் நான்தான்" என்று முதுகைப் பிடித்துக்கொண்டார். வாசல் பலகைக்கு யாழ்ப்பாணத்தில் ஒருவர் குதிரை கீறிக் கொடுத்தார். அவர் எங்கள் தீவுக் குதிரையைக் கண்டதில்லை. ராசா ஏறும் வெள்ளைக் குதிரை ஒன்று, தலையில் குஞ்சத்தோடு, எங்கள் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாமாவின் லீவு மூன்று மாதம்தான். "சரிவந்தால் மாமியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்து இஞ்சையே இருந்திடுவன். சரிவராட்டில் திரும்பிப் போறன், பிறகு உந்த ஆசையே வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அவரை விட்டால் கூடப்பிறந்தவர் இல்லை. தாய் தகப்பன் இரண்டு பேரின் செத்தவீட்டையும் அம்மா தனியாகத்தான் பார்த்தவர், மாமாவால் வர முடியவில்லை. இப்போது தம்பி அடுத்த வளவுக்கு வந்துவிடுவான் என்ற நினைப்பில் அம்மாவின் நடையே மாறிவிட்டது. கண்டேயிராத மாமியின் அளவை உத்தேசித்துச் சட்டைத் துணிகூட வாங்கி அலுமாரியில் வைத்திருந்தார்.

எல்லாம் ஒரு பெண்ணின் கையில் இருந்தது. பயணிகளை அனுப்பும் கொழும்புக் கொம்பனி ஒன்று, இடத்தைப் பார்த்து வர ஓர் அம்மணியை அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. சனி காலை வள்ளத்தில் வந்து ஞாயிறு பின்னேர வள்ளத்தில் போவார். அவருக்குப் பிடித்தால் ஆட்கள் வருவார்கள். வெறும் விடுதியைக் காட்டினால் எடுபடாது என்று மாமா எங்களையும் விருந்தாளியாக வரச் சொன்னார். "ஆளில்லாத கடையிலை ஆர் தேத்தண்ணி குடிப்பான்? நீங்கள் மூண்டு பேரும் வந்து குடும்பமா இருங்கோ."

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா அனலைதீவுக்காரர், கலியாணம் முடித்து அம்மாவின் வளவுக்கு வந்தவர். சங்கக் கடையில் அரிசி, மா நிறுத்துக் கொடுப்பார். யாருடனும் சத்தம் போடமாட்டார். மாமா ஓடி ஓடிக் கட்டிக்கொண்டிருந்தபோது தன்னால் கொடுக்க ஒன்றுமில்லையே என்று அவருக்கு ஒரு குறை இருந்திருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. அம்மணி வரமுன் கடைசிக் கிழமை, மாமா சாமான் வாங்க யாழ்ப்பாணம் போய்ப் போய் வந்துகொண்டிருந்த நேரம், கடையால் வந்ததும் வராததுமாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமாவின் வளவுப் பின்வேலிக்குப் போனார். அங்கே கல் சரிந்து, இரண்டு பாகம் அகலத்தில் ஒரு பொட்டு நெடுநாளாகக் கிடந்தது. அப்பா அதை அடைக்கத் தொடங்கினார்.

சிறிய கற்களைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. அடியில் பெரிய கல்லை உள்சாய்வாக வைத்து, இடைவெளியில் சின்னக்கல்லைச் செருகி, கையால் தட்டிப் பார்த்து, காதுக்குச் சரியாக ஒலித்தால் அடுத்த கல். அனலைதீவில் அவர் கட்டிப் பழகியது ஓலை வேலி. இங்கே வந்த புதிதில் அவர் அடுக்கிய கல்வேலியைப் பார்த்து 'கூனல் வேலி' என்று ஊர் சிரித்ததாம். இது கூனவில்லை. என் தலைக்கு மேலே ஒரு முழம் நிமிர்ந்து நின்றது. இரவு அப்பாவின் கைகளில் முருகைக்கல் வெட்டிய இடங்களுக்கு அம்மா தேங்காயெண்ணெய் தடவினார்.

இரண்டாம் நாள் நான் கேட்டேன்.

"அப்பா, உதாலைதானே குதிரை வாறது?"

"உது பொட்டு, பிள்ளை" என்றார் அப்பா, கல்லில் இருந்து கண்ணை எடுக்காமல். "பொட்டாலை நாய் வரும், களவெடுக்கிறவன் வருவான். விருந்தாளியள் பாத்துக்கொண்டிருக்க உப்பிடியோ வாறது? பெரிய படலையைத் திறந்து விடுவம். மரியாதையா வரட்டும்."

சிரிக்காதீர்கள். அந்த நேரம் எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதனை அவன் வேலியில்தானே நிறுக்கிறோம். உள்ளே கஞ்சி குடித்தாலும் வேலி நேராக நிற்கவேண்டும். பிறத்தியார் வரப்போகிற வீட்டில் பொட்டை விட்டுவைக்க அப்பாவால் ஏலாது, உங்கள் அப்பாமாராலும் ஏலாது.

சனி காலை நாங்கள் பயணம் புறப்பட்டோம். எங்கள் படலையில் இருந்து மாமாவின் படலைக்கு நூறு அடி இருக்கும். அப்பா நீளக்காற்சட்டை போட்டிருந்தார். அம்மா கலியாணவீட்டுச் சேலை உடுத்து, பயணப் பையில் எங்கள் உடுப்போடு ஒரு போத்தல் மிளகாய்த்தூளையும் வைத்திருந்தார். ஒழுங்கையால் போன கிழவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "எங்கை, தூரமோ?" என்று கேட்டார். "ஓம், விடுமுறைக்குப் போறம்" என்று அப்பா கம்பீரமாகச் சொன்னார்.

குடிசைக்குள் பச்சை ஓலையும் புதுப் பெயின்ற்றும் கலந்து மணத்தது. நுளம்பு வலைக்குள் கட்டில் ஒரு பெரிய வெள்ளைக் கேக் மாதிரிக் கிடந்தது. அதில் இருக்க அம்மா துணியவில்லை, ஓரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். சுடுதண்ணீர்க் குழாயைப் பேய் சிதம்பர சக்கரத்தைப் பார்த்த மாதிரி மூன்று பேரும் நின்று பார்த்தோம். மாமா கொண்டுவந்த சவர்க்காரத்துக்கு எலுமிச்சம்பூ மணம். நான் அன்றைக்கு ஐந்து தரம் கை கழுவினேன். அந்தச் சவர்க்காரமும் வாசல் பலகையும் குதிரை பார்க்க மாமா கொண்டுவந்த தூரக்கண்ணாடியும் பிறகு எந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை.

கொழும்பு அம்மணி வள்ளத்தில் சத்தியெடுத்துக் களைத்து வந்தார். நல்ல மனுசி. சாணி மெழுகிய நிலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து, "எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு" என்றார். விருந்தாளியாக இருக்கவேண்டிய அம்மா பத்து நிமிடத்தில் குசினிக்குள் போய்விட்டார். மாமா அமர்த்தியிருந்த சமையல்காரர் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் நண்டுக்கறிக்கு அம்மணி இரண்டாம் தரம் சோறு கேட்டபோது, மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் வளவைச் சுற்றிப் பார்த்தோம். அம்மணி பின்வேலியில் நின்றுவிட்டார்.

"சிமெந்தே இல்லாம இவ்வளவு உயரமா? யார் கட்டினாங்க?"

"எங்கடை அத்தான்" என்றார் மாமா.

அம்மணி அப்பா பக்கம் திரும்பினார். "இது உங்க இடமா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். பதினாலு வருடமாக அந்தக் கேள்விக்கு அவரிடம் நேரான பதில் இருந்ததில்லை. மாமா ஒரு கணமும் தாமதிக்காமல், "ஓம், இஞ்சை எல்லாம் அத்தான்ரை பொறுப்புத்தான்" என்றார். அம்மணி அப்பாவை வேலிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். அப்பா ஒரு கையைக் கல்லின் மேல் வைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். அப்படி ஒரு அப்பாவை நான் அதற்கு முன் கண்டதில்லை. குசினி யன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது.

பொழுதுபட முதல் துரவைப் பார்த்து ஐந்து கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டன. பெரிய படலையை அப்பாவே போய் விரியத் திறந்து கல் வைத்துவிட்டு வந்தார். இருந்தோம். காற்று மட்டும் வந்தது. மாமா ஜெனரேற்றரை நிறுத்தச் சொன்னார். பிறகு, சமையல்காரரை அம்மி அரைக்க வேண்டாம் என்றார். பிறகு, என் பவுடர் மணக்கிறது என்று முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். தன் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். கடைசியில் படலையால் ஒரு பசுமாடு நிதானமாக வந்து, தண்ணீர் குடித்து, கதிரைகளுக்கு முன்னால் சாணம் போட்டுவிட்டு வந்த வழியே போனது.

"பாத்தீரே தம்பி, படலையாலைதான் வருது. குதிரையும் வரும்" என்றார் அப்பா.

குதிரைக்கொம்பு என்பார்கள், எங்களுக்கு அன்றைக்குக் குதிரையே அப்படி ஆகிவிட்டது. மாமா இருட்டும் மட்டும் தூரக்கண்ணாடியைக் கண்ணில் இருந்து எடுக்கவில்லை. அம்மணி மரியாதைக்கு நட்சத்திரங்களைப் புகழ்ந்தார்.

ஞாயிறு விடிந்து தேத்தண்ணி குடித்த கையோடு நான் ஒழுங்கையைச் சுற்றி வெளிக்குப் போனேன். எனக்குள் ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. பின்வேலியின் வெளிப்பக்கத்தில் மண் உழுதமாதிரிக் கிடந்தது. குளம்படிகள். அடைத்த இடத்துக்கு நேரே வந்து, வேலியோரமாக அங்கும் இங்கும் நடந்து, நின்று, திரும்பிப் போயிருந்தன. புது இலத்தி இரண்டு இடத்தில் கிடந்தது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்த நேரம் அவையும் அந்தப் பக்கம் நின்றிருக்கின்றன. பாவம், தண்ணீர் மணந்திருக்கும்.

குசினிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திருவலையில் கை நின்றது.

"கொப்பர் அறிவாரோ?"

"இல்லை. அப்பாவுக்குத் தெரியாது. அம்மா, அடியிலை நாலு கல்லை இழுத்துவிட்டால் காணும், சரிஞ்சிடும். மாமாவிட்டைச் சொல்லட்டோ? அவவை இண்டைக்கு நிக்கச் சொல்லிக் கேக்கலாம். பொழுதுபட வந்திடும்."

அம்மா கையை எட்டிக் குசினிக் கதவைச் சாத்தினார். பிறகு, "சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார்.

"சொல்லாட்டில் மாமா போயிடுவார்."

"போனால் ரெலிபோன் எடுப்பான்." அம்மா தேங்காய்ப்பாதியைத் திருப்பிப் பிடித்தார். "கொப்பர் பதினாலு வருசமா இந்த வளவிலை வந்த மாப்பிளையாத்தான் இருக்கிறார். நேற்றைக்குத்தான் வீட்டுக்காரரா நிண்டவர். அதை நான் இடிக்கேலாது, பிள்ளை."

திரும்பவும் துருவத் தொடங்கினார். சிரட்டை வரை துருவி, சிரட்டையையும் துருவினார். தேங்காய்ப்பூவில் மண்ணிறத் தூள் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

பின்னேரம் இரண்டரை மணி வள்ளத்துக்கு அம்மணியை லாண்ட்மாஸ்டர் உழவுமெசின் பெட்டியில் ஏற்றினோம். அவர் மாமாவின் கையைப் பிடித்துச் சொன்னார். "இடம் அருமை. சாப்பாடு அருமை. ஆனா குதிரை பார்க்கலாம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்து காட்டாம விட்டா, எங்க பேரும் கெட்டுப்போகும். அடுத்த வருசம் பார்ப்போம்." மாமா சிரித்தபடி தலையாட்டினார். அம்மா பனங்கிழங்கு ஒடியல் பொதி ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். லாண்ட்மாஸ்டரின் சத்தம் கேட்காமல் போகும் மட்டும் அப்பா மாமாவின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மிருகம்தானே, தம்பி. அதுக்கு நாங்கள் பாயாசம் வைக்கிறதோ?" என்றார். "ஓம் அத்தான்" என்றார் மாமா.

அன்று மாலை நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நூறு அடி நடந்து வீட்டுக்கு வந்தோம். மூன்று கிழமையில் மாமா போனார். துறையில் அம்மா அழவில்லை. அதற்காக நான் அம்மாவைப் பல நாள் வெறுத்தேன். கூடப்பிறந்தவனை விட ஒரு கல்வேலி பெரிதாகப் போய்விட்டதே என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் எடுப்பதில்லை. நானும் கலியாணம் கட்டி, ஒரு மனிதன் தன் வீட்டுக்குள்ளேயே எப்படிக் குறுகிப்போவான் என்பதைக் கண்ட பிறகுதான் அம்மா அன்று எதைக் காப்பாற்றினார் என்று விளங்கியது. ஆனால் அதற்குக் கொடுத்தது என்ன என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை.

அம்மணி சொன்ன அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. கொஞ்சக் காலத்தில் சமாதானமும் போய்விட்டது. குடிசைகளில் ஆடுகள் படுத்தன. இரண்டாம் மாரியில் அப்பாவின் வேலி ஒரு பக்கம் சரிந்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு, "ஆருக்குக் கட்டுறது?" என்று விட்டுவிட்டார். குதிரைகள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயின.

நீங்கள் சிரித்த அந்த விளம்பரத்தை நான் மாமாவுக்கு அனுப்பினேன். உடனே எடுத்தார். கொஞ்ச நேரம் நையாண்டி பண்ணினார். பிறகு, "உனக்கு ஒண்டு சொல்லோணும், மருமேள். அப்ப குதிரை வராததுக்குக் காரணம் எனக்குத் தெரியும்" என்றார்.

நான் ரெலிபோனைக் காதோடு அமர்த்தினேன்.

"ஞாயிறு விடியப்புறம் நித்திரை வராமல் வெளிப்பக்கம் நடந்தனான். குளம்படி கிடந்தது. காலாலை நாலு தட்டுத் தட்டினால் பொட்டு திரும்பத் திறந்திடும். தட்டுவம் எண்டுதான் காலைத் தூக்கினனான்." குரலைத் தாழ்த்தினார். "அத்தான் அந்தப் படத்துக்கு நிண்ட நிலையை நீயும் பாத்தனியெல்லே? அதை உடைச்சுக் குதிரையைக் கூப்பிட்டிருந்தால், அத்தான் பிறகு என்ரை முற்றத்துக்கு வந்திருக்கமாட்டார். நான் குதிரைக்கே வந்தனான்? அக்காவுக்குப் பக்கத்திலை இருக்க வந்தனான். அத்தான் கால் வைக்காத வளவிலை இருந்து என்ன?"

நான் வேலணையில் படிப்பிக்கிறேன். சனிக்கிழமை முதல் வள்ளத்தில் ஊருக்குப் போனேன். கடல் முழுக்க, சொல்வதா விடுவதா என்று யோசித்துக்கொண்டே போனேன். அப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். இப்போது காது மந்தம். அம்மா குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து, மாமா சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

அம்மாவின் கை இலைக்குள் நின்றது.

"அவனுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தெரியும்?"

"விடியவே. நான் உங்களுக்குச் சொல்ல முதலே."

அம்மா என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப அவனைப் போகவிட்டது நானில்லை" என்றார்.

பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமர்த்திக்கொண்டு அழுதார். துறையில் அழாத அழுகை அது. இருபது வருடத்துக்கு மேலாக எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை. "நானில்லை, பிள்ளை" என்று திரும்பவும் சொன்னார்.

விறாந்தையில் கதிரை கிறீச்சிட்டது.

"என்ன அங்கை?" என்று அப்பா கூப்பிட்டார். "ஆர் போறது?"

அம்மா முகத்தைத் துடைத்து, அவருக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"ஒருத்தரும் போகேல்லை. நீங்கள் இருங்கோ."